முறைத் தண்ணீர் – 14: ஆயிரத்து நூறு அடி

மூன்று மாதமாக அப்புசாமி வீட்டில் பருப்பு வேகவில்லை.

மளிகைக்கடையை இரண்டு முறை மாற்றிப் பார்த்தார். குக்கருக்கு கேஸ்கட் மூன்று முறை மாறியது. ஐந்து விசில், எட்டு விசில் என்று போய், பன்னிரண்டாவது விசிலில் பக்கத்துத் தோட்டத்து நாய்கூடக் குரைப்பதை நிறுத்திவிட்டது. பருப்பு மட்டும் பல்லில் நறநறவென்று கடிபட்டது.

"கலப்படம் புள்ள. நாடே கெட்டுப்போச்சு" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு அதையும் தின்று எழுந்தார். மனைவி சௌந்திரம் வாயைத் திறக்கவில்லை. முப்பத்திரண்டு வருடக் குடித்தனத்தில், எந்த நேரத்தில் வாயைத் திறக்கக்கூடாது என்பதில் அவள் டாக்டர் பட்டமே வாங்கியிருந்தாள்.

வைகாசியில் நடந்ததை ஊர் இன்னும் மறக்கவில்லை. அண்ணன் தம்பி இருவருக்கும் பொதுவான கிணறு. மூன்று நாள் அண்ணன் முறை, மூன்று நாள் தம்பி முறை. அண்ணன் முறையில் அரை நாள் தண்ணீரைத் தம்பி தனபால் தன் சாயப்பட்டறைக்கு எடுத்துவிட்டான். அரை நாள்தான். அதற்கு அப்புசாமி வெண்ணந்தூர்ச் சாலை அதிரக் கத்தினார். பிறகு கருப்பனார் கோயிலுக்குப் போய், எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்தார்.

"இனிமே என்ற கையால அந்தக் கிணத்து மோட்டாரைப் போட மாட்டேன். மடை திருப்ப மாட்டேன். இது கருப்பனார் மேல ஆணை!"

சத்தியம் செய்தாகிவிட்டது. ஆனால் வயலுக்குச் சத்தியத்தையா பாய்ச்ச முடியும்? ஆழ்துளை போர் போடத் திருச்செங்கோட்டிலிருந்து ரிக் வண்டி வந்தது. ஐந்நூறு அடியில் புழுதி, எண்ணூறில் புழுதி. "நிறுத்தியறலாமுங்க" என்று ரிக் வண்டிக்காரனே சொன்னான். "என்ற தம்பி பார்த்துக்கிட்டு நிக்கறான், ஓட்டுடா!" என்றார் அப்புசாமி. ஆயிரத்து நூறாவது அடியில் தண்ணீர் பீய்ச்சியடித்தது. ஒரு கை அள்ளிக் குடித்தவரின் முகம் ஒரு நொடி கோணியது.

"லேசாக் கரிக்குது. ரெண்டு மழை பேஞ்சாச் சரியாப் போயிரும்."

மழை இரண்டல்ல, ஐந்து பெய்துவிட்டது.

இப்போது ஆவணி. காலை ஏழு மணி வெயிலில் அப்புசாமி வரப்பில் நின்று தன் வயலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பார்ப்பதற்கு அதிகம் இல்லை என்பதுதான் சங்கடம்.

நட்டு நாற்பது நாள். இந்நேரம் ஒவ்வொரு குத்தும் தூர் கட்டி, கை நுழையாமல் அடர்ந்து நிற்க வேண்டும். இங்கே பயிர் முழங்காலைக்கூடத் தொடவில்லை. இலை நுனிகள் வெளுத்து, பிறகு தீய்ந்து, சுருண்டு நின்றன. ஒரு குத்தைப் பிடுங்கிப் பார்த்தார். வேர் பழுப்பேறி, கிழவர் தாடி மாதிரி நாலு இழை தொங்கியது. வயலின் நடு மேட்டில், தண்ணீர் வற்றிய இடத்தில், மண்மேல் வெள்ளையாகப் பூத்திருந்தது. விரலால் தொட்டு நாக்கில் வைத்தார்.

உப்பு.

"அடப்பாவி" என்றார். பாவி என்று அவர் சொன்னால் அது ஒரே ஒரு ஆள்தான்.

தனபாலின் பட்டறைக்கு மாதாமாதம் உப்பு மூட்டை இறங்குகிறது. நூலில் சாயம் பிடிக்க உப்புப் போட்டாக வேண்டும் என்பது ஊருக்கே தெரியும். அந்தச் சாயத்தண்ணீர் வரப்பைத் தாண்டித் தன் வயலுக்குள் வந்துவிட்டது என்று அப்புசாமி மனு எழுதினார். மூன்று அலுவலகங்களுக்கு எழுதினார். மூன்றில் ஒன்று வேலை செய்தது. நேற்று மத்தியானம் பட்டறைக்குக் கரண்டைத் துண்டித்தார்கள். நாளைக் காலை பத்து மணிக்குத் தண்ணீர் எடுத்துப் பார்க்க அதிகாரிகள் வருகிறார்கள்.

சந்தோஷப்பட வேண்டிய காலை. ஆனால் ஒன்று உறுத்தியது.

பயிர் மிக மோசமாகத் தீய்ந்திருந்தது மேற்கே, அவருடைய போர்த் தண்ணீர் விழும் வாய்மடைப் பக்கம். தனபால் நிலத்தை ஒட்டிய கிழக்கு வரப்போரம் மட்டும், நாலு முழ அகலத்துக்கு, நெல் கரும்பச்சையாக நின்றது. எதிரி வீட்டை ஒட்டிய பயிர் மட்டும் எப்படித் தழைக்கும்?

அப்புசாமி யோசித்தார். அவர் யோசித்தால் எப்போதும் ஒரே ஊருக்குத்தான் போய்ச் சேருவார்.

"தந்திரம்! ஓரத்தை மட்டும் பச்சையா விட்டு வெச்சாச் சந்தேகம் வராதுன்னு பார்க்கறான்."

"ஏனுங்க, கம்மங்கூழு கொண்டாந்திருக்கறேன்" என்றபடி சௌந்திரம் தூக்குப்போசியோடு வந்தாள். "தனியா யாருகூடப் பேசறீங்க?"

"என்ற வயித்தெரிச்சலோட. நீ நட்ட பயிரு நாற்பது நாளா இப்படிக் கெடக்குதே, உனக்குக் கொஞ்சம்கூட வெசனமில்லையா?"

சௌந்திரம் வயலைப் பார்த்தாள். நடவுக்கு ஆள் கிடைக்காமல், இரண்டு ஏக்கரையும் பதினோரு நாள் குனிந்து அவளே நட்டிருந்தாள். இன்னும் இடுப்பைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்திருக்கிறாள். வருடச் சாப்பாட்டு நெல் இது. போனால் ரேஷன் அரிசிதான்.

"நட்டது நானுங்க" என்றாள். "எனக்கு வெசனமில்லாம இருக்குமா?"

அப்போது ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. வந்தது பிரவீனா. தனபாலின் ஒரே மகள். மண், நீர் பரிசோதனை நிலையத்தில் வேலை. பதினைந்து நாளுக்கு முன்னால் அப்புசாமி இரண்டு பாட்டிலில் தண்ணீர் நிரப்பி அந்த நிலையத்துக்கே கொண்டுபோனார். ஒன்று தன் போர்த் தண்ணீர், இன்னொன்று கிணற்றுத் தண்ணீர். சன்னலில் பிரவீனா இருப்பதைப் பார்த்ததும், "உன்ற கையில தர மாட்டேன், மேலதிகாரியைக் கூப்பிடு" என்று அங்கேயே சத்தம் போட்டு, மேலதிகாரியிடமே கொடுத்துவிட்டு வந்தவர்.

"ரிப்போர்ட்டு வந்திருச்சுங்க பெரியப்பா. தபால்ல அனுப்பறதுதான் முறை. நாளைக்கு ஆபீசர் வாராங்கன்னு கேள்விப்பட்டேன். அதான் நேரா கொண்டாந்தேன்."

"படி. சத்தமாப் படி. உங்கப்பன் காதுல உழட்டும்."

பிரவீனா படிக்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்தபடி சொன்னாள்.

"தண்ணியில உப்பு எவ்வளவுன்னு ஒரு நம்பர் போடுவோமுங்க. ரெண்டைத் தாண்டினாலே நெல்லு திணறும். கிணத்துத் தண்ணி ஒண்ணு புள்ளி ஒண்ணு."

"ஊம்."

"உங்க போரு அஞ்சே முக்கால்."

போர் மோட்டார் மட்டும் மேற்கே உறுமிக்கொண்டிருந்தது.

"சீட்டை மாத்தி ஒட்டிட்டே!" என்று கத்தினார் அப்புசாமி. "என்ற பாட்டில்ல அவன் பேரை ஒட்டிட்டே! அப்பனுக்குப் புள்ள தப்பாமப் பொறந்திருக்குது!"

"சீட்டு எழுதினதே நீங்கதானுங்க. 'தனபால்'னு எழுதி, அடியில ரெண்டு கோடு வேற போட்டிருந்தீங்க. பேனா காகிதத்தைக் கிழிச்சிருந்துச்சு."

அது உண்மை. அந்த இரண்டாவது கோட்டை அவர் கொஞ்சம் ஆசையாகவே போட்டிருந்தார்.

"அப்ப உப்பு எங்கிருந்து வந்துச்சு? பூமிக்குள்ளாற எவன் கொண்டுபோய்க் கொட்டினான்?"

"யாரும் கொட்டலைங்க. அத்தனை ஆழத்துல பாறையிடுக்குல எத்தனையோ காலமாக் கெடந்த தண்ணி. கரைஞ்சு கரைஞ்சு உப்பேறிக் கெடக்கும். நீங்க தெனமும் பாய்ச்சறீங்க. தண்ணி வெயில்ல போயிருது, உப்பு இங்கயே தங்கிருது. வேர் உறிஞ்சப் பார்க்குது, முடியறதில்லை." அவள் குரல் இறங்கியது. "தண்ணிக்குள்ள நின்னுக்கிட்டே தாகத்துல சாவுதுங்க பெரியப்பா."

பதில் வராதபோது கோபம் வரும் என்பது அப்புசாமியிடம் உள்ள வசதி.

"போதும் உன்ற படிப்பு! எடத்தைக் காலி பண்ணு!"

"இன்னும் பத்து நாள்ல பயிரு உள்ளுக்குள்ள கதிர் கட்ட ஆரம்பிச்சிரும். அந்நேரத்துலயும் இதே தண்ணி போச்சுன்னா கதிரு வரும், மணி பிடிக்காது. பூராப் பதர்தான். இப்பவே போரை நிறுத்திட்டு, கிணத்துத் தண்ணிய வயல்ல கட்டி நிறுத்தி, உப்போட வடிக்கணும். மறுபடி கட்டி வடிக்கணும். பாதியாவது தேறும்."

"கிணத்துத் தண்ணியா? கருப்பனாரு மேல சத்தியம் பண்ணினவன் நான்!"

"சத்தியம் பண்ணினவரு மனு எழுதவும் மறக்கலை!"

கிழக்கு வரப்பிலிருந்து வந்தது அந்தக் குரல். தனபால் நின்றுகொண்டிருந்தான். நீலச் சாயம் விரலிடுக்கிலிருந்து போகாத கைகள். கண்கள் சிவந்திருந்தன. நேற்றிலிருந்து பட்டறையில் ஏழு பேர் சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள். தொட்டியில் பாதிச் சாயத்தில் கிடந்த நூல் திட்டுத் திட்டாகப் போய்விட்டது.

"கேட்டுட்டுத்தான் இருந்தேனுங்க அண்ணா. அஞ்சே முக்காலாமே! ஆயிரத்து நூறு அடி தோண்டிக் கடலையே எடுத்துப்போட்டீங்களே, வலை வாங்கிட்டு வாரட்டுங்களா?"

"வாயை அடக்குடா! உன்ற பட்டறையை இழுத்து மூடாம உட மாட்டேன்."

"மூடியாச்சே! அதான் மூடிட்டீங்களே! அப்பன் சொத்தைப் பிரிக்கறப்ப மேட்டை எனக்குத் தள்ளிட்டு வயலை எடுத்துக்கிட்டீங்க. மேட்டுல நெல்லா வெளையும்? பட்டறை போட்டேன். அதுவும் உங்க கண்ணை..." என்றவன் சட்டென்று நிறுத்தினான். அவன் பார்வை காலடிக்குப் போனது.

வரப்பில் பழைய மடை இருந்த இடம். வைகாசியில் அப்புசாமி கல் வைத்து, களிமண் பூசி அடைத்த இடம். அந்தக் கல் சற்று நகர்ந்திருந்தது. ஒரு சாண் அகலத்தில் ஈரம். அந்த ஈரம் போய்ச் சேர்ந்த இடமெல்லாம் நெல் கரும்பச்சையாக நின்றது.

"ஓகோ!" என்றான் தனபால். "கற்பூரம் அணைச்ச கை திருட்டுமடையும் வெட்டுமாட்டம் இருக்குது!"

"நானா? நீ வெட்டிட்டு என்ற மேல போடறியா? என்ற சத்தியத்தைக் கெடுக்கறதுக்குன்னே..."

"உங்க பயிரைப் பச்சையாக்க நான் எதுக்குங்க மடை வெட்டறேன்? எனக்கென்ன பைத்தியமா?"

"பைத்தியம் இல்ல, துரோகி!"

"நீங்க திருடன்!"

"நான்தான் வெட்டினேன்" என்றாள் சௌந்திரம்.

இரண்டு பேரும் திரும்பினார்கள். தூக்குப்போசியை அவள் இன்னும் கையிலேயே வைத்திருந்தாள்.

"இவரு சந்தைக்குப் போற நாளாப் பார்த்து வெட்டினேன். பிரவீனாதான் மோட்டார் போட்டுக் குடுத்துச்சு. அஞ்சு தடவை. ஓரத்துக்கு மட்டும் உட்டேன். வயல் பூரா உட்டா இவரு கண்டுபிடிச்சிருவாரு."

அப்புசாமி கோயில் திசையைப் பார்த்துக் கும்பிட்டார். "சாமி குத்தம் புள்ள! கருப்பனாருக்கு என்ன பதில் சொல்றது?"

"சத்தியம் பண்ணினது உங்க கைதானுங்க. என்ற கை பண்ணலை. கோயில்ல நான் பக்கத்துலதான் நின்னேன், என்னை யாரும் கேக்கலை." அவள் குரல் உயரவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "பருப்பு வேகாத அன்னிக்கே எனக்குத் தெரியும். அந்தத் தண்ணியில சோப்பு நுரைக்கலை, பருப்பு வேகலை, எருமை மோந்து பார்த்துட்டுத் திரும்பிக்கிச்சு. நீங்க மளிகைக்காரனை மாத்தறீங்க."

தனபால் சிரித்தான். அது தப்பான நேரத்துச் சிரிப்பு.

"நீ சிரிக்காத தனபாலு" என்று அவன் பக்கம் திரும்பினாள். "உன்ற முறையில ஒரு சொட்டு நான் எடுக்கலை. எங்க முறை நாள்லதான் எடுத்தேன். இவரு கிணறு வேண்டாம்னாரு. கிணறு எங்களை வேண்டாம்னு சொல்லலை. எங்க மூணு நாளையும் மூணு மாசமா நீதான் ஓட்டிக்கிட்டிருக்கறே. அது எந்த ஊரு நாயம்?"

தனபாலின் சிரிப்பு போய்விட்டது. மகளைப் பார்த்தான்.

"நீ மோட்டார் போட்டியா?"

"போட்டேங்கப்பா."

"என்ற சோத்தைத் தின்னுட்டு?"

"பெரியம்மா கேட்டாங்க. பயிரு செத்துக்கிட்டிருந்துச்சு."

"நேத்து என்ற பட்டறையும்தான் செத்துச்சு. அதுக்கு எந்த மோட்டாரைப் போட்டே?" அவன் இடுப்பிலிருந்து ஒரு சாவியை எடுத்தான். கிணற்று மோட்டார் அறைச் சாவி. "இன்னிக்கிருந்து பூட்டுத்தான். இவருக்குத் தண்ணி வேணும்னா, அதே கருப்பனாரு கோயில்ல, அதே எடத்துல நின்னு, 'தனபாலு மேல பொய் மனுக் குடுத்தேன்'னு இவரு வாயால சொல்லட்டும். அப்புறம் பார்க்கலாம்."

"என்ற நெல்லு பூராப் பதராப் போகட்டும்" என்றார் அப்புசாமி. "உன்ற முன்னால நான் வாயைத் திறக்க மாட்டேன்."

"இத்தனை நேரம் மூடியா வெச்சிருந்தீங்க?"

தனபால் மோட்டார் அறையை நோக்கி நடந்தான். சௌந்திரம் தூக்குப்போசியை வரப்பில் வைத்தாள்.

"கூழு இருக்குது. குடிச்சுக்குங்க. இடுப்பொடிய நட்டவ நான். பதராப் போகட்டும்னு சொல்ல உங்களுக்கு யாரு உரிமை குடுத்தா?"

அவள் திரும்பிப் பார்க்காமல் வீட்டுப் பக்கம் போனாள்.

பிரவீனா மட்டும் நின்றாள். காகிதத்தை நான்காக மடித்து அப்புசாமியின் சட்டைப்பையில் அவளே வைத்தாள். அவர் தடுக்கவில்லை. தடுக்க வேண்டும் என்று தோன்றுவதற்குள் வைத்துவிட்டாள்.

"ரெண்டாவது பக்கத்தையும் படிங்க பெரியப்பா. எங்கப்பாகிட்ட அதைச் சொல்ல எனக்கு வாய் வரலை."

ஸ்கூட்டர் போய்விட்டது.

மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்து, அப்புசாமி இரண்டாம் பக்கத்தைப் பிரித்தார். அச்சடித்த கட்டங்களுக்குக் கீழே பிரவீனா பேனாவால் இரண்டு வரி எழுதியிருந்தாள். போன வருடம் பட்டறை அனுமதிக்காக அவள் அப்பாவே கொடுத்த இதே கிணற்றுத் தண்ணீர்: புள்ளி ஐந்து. இந்த வருடம்: ஒன்று புள்ளி ஒன்று.

கேள்விக்குறி எதுவும் போடவில்லை. போட வேண்டியதும் இல்லை.

முதல் எண்ணம் சர்க்கரையாக இனித்தது. நான் சொன்னேனே! ஒரே வருடத்தில் இரண்டு மடங்கு! பட்டறைத் தொட்டி எங்கோ கசிகிறது. வயலுக்கு வரவில்லை, கிணற்றுக்குப் போகிறது. மூன்று மாதமாகத் தொட்டதெல்லாம் தப்பாகப் போன மனுஷனுக்குக் கருப்பனாராகப் பார்த்து ஒரு துருப்புச் சீட்டை அனுப்பியிருக்கிறார். நாளை பத்து மணிக்கு அதிகாரி கையில் இந்தத் தாளைக் கொடுத்தால் போதும். பட்டறைக்கு நிரந்தரப் பூட்டு.

இரண்டாவது எண்ணம் வர நேரம் பிடித்தது. அவருக்கு இரண்டாவது எண்ணம் வருவதே அபூர்வம். வந்தபோது அது கரித்தது. இதே கணக்கில் போனால் இன்னும் ஒரு வருடம், மிஞ்சினால் இரண்டு. பிறகு இந்தக் கிணறும் அவர் போரைப் போலத்தான். பட்டறையைப் பூட்டினாலும் தொட்டியில் தேங்கியது கசியத்தான் செய்யும்; அதை அடைக்கத் தம்பியால்தான் முடியும். அப்பன் வெட்டிய கிணறு. தம்பியைத் தோற்கடித்து வாங்கும் கிணற்றில் பருப்பு வேகாது.

தாளை மடித்தார். பையில் ஏற்கெனவே மனுவின் நகல் இருந்தது. இரண்டும் ஒன்றையொன்று உரசிக்கொண்டு உட்கார்ந்தன.

"தனபாலு!"

மோட்டார் அறைக் கதவில் பூட்டைத் தொங்கவிட்டுக்கொண்டிருந்தவன் திரும்பினான். "என்ன? இன்னும் என்ன மிச்சம் இருக்குது?"

சொல்ல இரண்டு வார்த்தை இருந்தது. ஒன்று, தாளில் இருந்தது, அவனைக் கொல்லும்; மற்றது, மனு தப்பு என்பது, தன்னைக் கொல்லும்.

அப்புசாமி விறுவிறுவென்று மேற்கே நடந்தார். தீய்ந்த பயிர்களைத் தாண்டி, வெள்ளை பூத்த மேட்டைத் தாண்டி, தன் போரின் ஸ்டார்ட்டர் பெட்டிக்கு முன்னால் போய் நின்றார். பெட்டியில் குங்குமம் வைத்து, ரிக் வந்த அன்று போட்ட மாலையின் நார் இன்னும் தொங்கியது. சிவப்புப் பொத்தானை அழுத்தினார்.

ஆயிரத்து நூறு அடி ஒரு முறை உதறிவிட்டு அடங்கியது. கரண்ட் இருக்கும் நேரமெல்லாம் கேட்ட உறுமல் நின்றதும், அந்த இடத்தில் கொக்குகளின் சத்தமெல்லாம் கேட்டது.

"என்னாச்சு?" கிழக்கிலிருந்து தனபால் கத்தினான். "போரு புட்டுக்கிச்சா?"

"இல்லை."

"பின்னே?"

"நிறுத்திட்டேன்."

அதற்கு மேல் அவரால் முடியவில்லை. அவர் வாழ்க்கையில் அதுவே ஒரு மன்னிப்புக் கடிதத்தின் நீளம்.

தனபால் பூட்டை அமுக்கினான். 'டக்' என்று விழுந்தது. சாவியைப் பிடுங்கினான். ஆனால் வழக்கமாகச் செருகும் இடுப்பில் அதைச் செருகவில்லை. கையிலேயே வைத்துக்கொண்டு, வரப்போடு நடந்து, நகர்ந்திருந்த அந்தக் கல்லின் பக்கத்தில் வந்து நின்றான். குனிந்து கல்லைத் தொட்டான்.

அடைக்கப் போகிறானா, எடுக்கப் போகிறானா என்று அப்புசாமிக்கு இங்கிருந்து தெரியவில்லை. சட்டைப்பைமீது கையை வைத்து அழுத்திக்கொண்டு அவர் பார்த்தபடியே நின்றார்.